புலம்பெயர்வில் பரணின் பங்கு: ஒரு பன்முக ஆய்வு

முன்னுரை

மனிதன் தோன்றிய காலந்தொட்டு இடம்பெயர்ந்து வருகிறான். ஆய்வேடு என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நெறியாளர்கள் விரும்புவதால் இக்கட்டுரையும் இப்படியே தொடங்குகிறது. ஆனால் தோன்றிய காலத்தில் மனிதனிடம் சாமான் இல்லை. ஒரு கல் இருந்தது. அதையும் போட்டுவிட்டுப் போன இடத்தில் வேறொரு கல்லை எடுத்துக்கொண்டான். சிக்கல் தொடங்கியது பரண் தோன்றிய பிறகுதான்.

கட்டுரையாளர், மனைவி, மகள் ஆகிய மூவரும் சென்னை நங்கநல்லூரிலிருந்து டொரான்டோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்குக் குடிபெயர்ந்தபோது செய்த களப்பணியே இந்த ஆய்வுக்கு அடிப்படை. களப்பணி என்பது பெட்டி கட்டுவது. கட்டியவர் மனைவி, குறிப்பெடுத்தவர் கட்டுரையாளர். “ஏங்க, எழுந்து அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளுங்க” என்னும் முதன்மைச் சான்று பதினெட்டு முறை பதிவாகியுள்ளது.

கருதுகோள்

எந்தச் சாமானும் அழிவதில்லை. ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆய்வு எல்லை

மேலே கூரை. கீழே அத்தை.

முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை. இருந்தால் படிக்க வேண்டிவரும்.

அளவுகோல்

ஒரு நூலுக்கு ஆகாத குற்றம் பத்து, அமைய வேண்டிய அழகு பத்து, கையாள வேண்டிய உத்தி முப்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. எங்கள் பயணச்சீட்டு அவ்வளவு நீட்டவில்லை: தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. குற்றங்களில் முதலாவதான ‘குன்றக் கூறல்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு உரையாசிரியர் எவருக்கும் வாய்க்கவில்லை. இரண்டாவதான ‘மிகைபடக் கூறல்’ என்பதற்கு விமான நிலையத்தில் தனிக் கட்டணம் உண்டு. மூன்றாவதான ‘கூறியது கூறல்’ பற்றி முன்னுரையில் அட்டைப்பெட்டி தொடர்பாகக் கண்டோம்.

பொருள் வகைப்பாடு

குடிபெயர்வோர் வீட்டுச் சாமான்கள் நால்வகைப்படும். 

விற்பன: வாங்கிய விலை நமக்கு நினைவிருக்கும்வரை விற்காதவை.

கொடுப்பன: “வச்சுக்கோங்க” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, “பத்திரமா இருக்கா?” என்று கேட்கப்படுபவை.

கொண்டுபோவன: இவற்றுள் இரண்டை விளக்கினால் போதும். ஒன்று கிரைண்டர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மின்சாரத்துக்கு அது தெரியாது. நம் ஊர்ச் சுவரில் 230 வோல்ட், அந்த ஊர்ச் சுவரில் 120. அப்படியே செருகினால் கல் சுற்றாது. நம் தலைதான் சுற்றும். மற்றொன்று கொப்பரை. ஆபத்தான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலில் கொப்பரையின் எண் 1363. தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகுப்பில் அதற்கு இடம். எங்கள் சமையலறையிலிருந்து ஐ.நா. வரை போய்ப் பெயர் பதிந்த பண்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். “தேங்காய்க்குப் பயப்படற ஊருக்கா போறே?” என்று அத்தை கேட்டார் (அத்தை, வாய்மொழி).

விட்டுப்போவன: மேற்கண்ட மூன்றிலும் அடங்காத அனைத்தும், அடங்கியவற்றில் பெரும்பகுதியும்.

எவர்சில்வர்க் கல்வெட்டியல்

விட்டுப்போவனவற்றுள் தலையாயது எவர்சில்வர். அண்டா, குடம், தவலை, தூக்கு, சம்படம், அடுக்கு, சொம்பு, முப்பத்தேழு டம்ளர். இவை எங்கள் கல்யாணத்துக்குச் சீராகவும் மொய்யாகவும் வந்தவை. பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்தித்தாள் சுற்றிப் பரணில் துயில்கின்றன. இவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்ய, எதை யார் கொடுத்தார் என்று அறிவது அவசியமாயிற்று. ஏனெனில் கொடுத்தவர் வீட்டுப் பரணிலேயே கொடுத்த பாத்திரத்தை வைத்தால் அது சேமிப்பு ஆகாது. திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும்; உறவு முறிந்துவிடும் (பெரியம்மா, வளைகாப்பு ஒன்றில், வளையல் அடுக்கும்போது).

கொடுத்தவரை அறியச் சான்று உண்டு. பாத்திரக்கடையில் பில் போட்டதும், “பேர் வெட்டணுமா?” என்று கேட்டு, கையில் அடங்கும் ஒரு மெஷினால் கிர்ரென்று எழுதித் தருவார்களே, அந்த எழுத்துதான். கல்லில் வெட்டினால் வரலாறு, சொம்பில் வெட்டினால் வீட்டு விஷயம் என்னும் பாகுபாட்டை இக்கட்டுரை ஏற்கவில்லை. இரண்டிலும் உள்ள செய்தி ஒன்றே: இன்னார் இன்னாருக்கு இன்ன நாளில் கொடுத்தார், மறந்துவிடாதே.

நமது ஆய்வுக்கு மையமாக அமைவது பெரிய அண்டா. அதன் விளிம்பில் மூன்று எழுத்துகளும் ஒரு தேதியும் உள்ளன. தேதியில் ஆண்டு தேய்ந்துவிட்டது. ஆண்டு தேயாத சாசனத்துக்கு ஆய்வாளர் எதற்கு? எழுத்துகளை மனைவி ‘மரசு’ என்று படித்தார். அதாவது ம.ர.சு., மதுரை அத்தையின் வீட்டுக்காரருடைய முதலெழுத்துகள். கட்டுரையாளர் இதை மறுத்தார்.

மறுப்புக்கு ஆதாரம் வலுவானது. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். நெடிலைக் காட்டும் கால் என்ற குறியும் ‘ர’ என்ற எழுத்தும் சுவடியில் ஒன்றுபோலவே இருக்கும். சூழ்நிலையைப் பார்த்துப் படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். கிழியும் பேச்சே இல்லாத எவர்சில்வரிலும் கடைப்பையன் புள்ளி இடவில்லை. அவனுக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆகவே சுவடி மரபு அறுபடாமல் பாத்திரக்கடை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மரபின்படி நடுவெழுத்தைக் காலாகக் கொண்டால் கிடைக்கும் பாடம் ‘மாசு’.

இந்தக் கண்டுபிடிப்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெளியிடப்பட்டது. அன்றிரவே எதிர்வினை வந்தது. “நான் கொடுத்ததுல மாசா? உன் கல்யாணத்துக்கு நாலு கிலோ அண்டா தூக்கிட்டு மதுரையிலேர்ந்து பஸ்ல நின்னுண்டே வந்தேன்டா” (அத்தை, தொலைபேசி, முதல் அழைப்பு). சற்றுப் பொறுத்து: “கண்ணாடியை மாத்துடா முதல்ல” (மேலது, ஆனால் குரல் உயர்த்தி). மறுநாள் பெரியப்பா மாற்றுப்பாடம் ஒன்றை முன்வைத்தார். அண்டா அத்தையுடையதே அல்ல, தம் சகலை கொடுத்தது, நடுவில் இருப்பது ‘ர’ அல்ல, மெஷின் வழுக்கிய கீறல் (பெரியப்பா, காலை நடை, இரண்டாம் சுற்று, பூங்காவின் வடகிழக்கு பெஞ்ச், சர்க்கரை அளவு பார்ப்பதற்கு முன் கூறியது. பார்த்த பின் திருத்திய பதிப்பில் சகலை நீக்கப்பட்டு மைத்துனர் சேர்க்கப்பட்டார்).

இவ்வாறு ‘மரசு’ப் பள்ளி, ‘மாசு’ப் பள்ளி, கீறல் பள்ளி என மூன்று பள்ளிகள் தோன்றின. மூன்றுக்கும் தனித்தனியே மாணாக்கர் உண்டு. கீறல் பள்ளியார் மற்ற இரண்டு பள்ளியாரோடு ஒரே பந்தியில் உட்காருவதில்லை (சித்தி மகள் நிச்சயதார்த்தம், மூன்றாம் பந்தி, பாயசத்துக்கு முன் சித்தப்பா சொன்னது, பாயசத்துக்குப் பின் தாம் சொல்லவில்லை என்றார், பாயசம் பரிமாறியவர் சொன்னார் என்றார், பரிமாறியவரைக் கேட்டபோது தாம் அண்டாவையே பார்த்ததில்லை, பாயசம் வாளியில் வந்தது என்றார்).

மூன்று வாரம் இந்த விவாதம் நடந்தது. அந்த மூன்று வாரமும் அண்டா கூடத்தின் நடுவில் இருந்தது. ஒரு சங்க நூலின் காலத்தை முந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் அனாயாசமாக நகர்த்தும் அறிஞர்கள், தம் வீட்டு பீரோவை ஓரடி நகர்த்த இரண்டு ஆள் கூப்பிடுவது ஏன் என்பது அப்போது விளங்கிற்று. கடைசியில் அண்டாவை நகர்த்தியவர் மனைவி.

பின்நவீனத்துவ நோக்கில் அண்டா

பக்கக் கட்டுப்பாடு கருதி விடப்படுகிறது.

சுங்கவியல்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற வருபவர் தம் வீட்டுச் சாமான்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். கையோடு வருபவற்றுக்கு ஒரு பட்டியல், பின்னால் வரப்போகிறவற்றுக்கு ஒரு பட்டியல். இரண்டையும் முதன்முதலில் நுழையும்போதே நீட்டிவிட வேண்டும். பி.எஸ்.எஃப். 186 என்று அதற்கு ஒரு படிவமும் உண்டு. பட்டியலில் எழுதாத பொருள் பிற்பாடு வந்தால் சலுகை கிடையாது. ஆக, அத்தை வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்பதை அட்லாண்டிக் தாண்டி வந்த அன்றே அந்நாட்டு அரசிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கு மூன்று தகுதி கேட்கிறார்கள்: வருமுன்பே பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும், உங்கள் வசம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்த மூன்றாம் தகுதியை எழுதியவர் தமிழ்க் கல்யாணம் எதற்கும் வந்ததில்லை என்று துணியலாம். சீர்ப் பாத்திரம் சொந்தம், வசம் உள்ளது, ஆனால் பயன்படுத்துவதா? அதில் சமைத்தால் அது சீர்ப் பாத்திரம் ஆகுமா? கல்யாணப் பரிசுக்கு விலக்கு இருக்கிறதே என்று பார்த்தால், வருவதற்கு முன்போ பின்போ மூன்று மாதத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்குத்தான் அது. எங்களுக்கு ஆகிவிட்டது பத்தொன்பது ஆண்டு. இன்னொரு முறை நடத்தினால் விலக்குக் கிடைக்கும் என்று கட்டுரையாளர் கருத்துரைத்தார். யாரோடு என்று கேட்கப்பட்டது (மனைவி, நேர்காணல், மிகச் சுருக்கம்).

எனவே கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சட்டத்தை மதித்து, அந்த அண்டாவில் ஒரு முறை வெந்நீர் போடப்பட்டது. பத்தொன்பது ஆண்டில் முதல் முறை. மூவரும் குளித்தோம்.

டொரான்டோ விமான நிலையத்தில் சுங்க அலுவலர் எங்கள் பட்டியலை வாங்கினார். புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டுவது போலப் புரட்டினார். அதாவது, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். முத்திரை விழுந்தது. ‘மரசு’வா ‘மாசு’வா என்று அவர் கேட்கவில்லை. தீர்வையின்றி வந்த பொருளை ஓராண்டுக்குள் விற்றாலோ கொடுத்தாலோ தீர்வை கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார். வாங்கிய பாத்திரத்தை உடனே வேறு கல்யாணத்துக்குத் தள்ளிவிடும் வழக்கம் உலகில் எங்கோ இருப்பது அந்நாட்டு அரசுக்குத் தெரிந்தே இருக்கிறது.

குடியிருப்பியல்

சென்னையில் வீடு கேட்டால் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பார்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று பேசினாலும், வீட்டுக்காரர்கள் பழைய உரையையே பின்பற்றுகிறார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பணமாகக் கடைசி ஒரு மாத வாடகையைத்தான் வாங்கலாம். முதல் மாதமும் கடைசி மாதமும் என்பது அங்கே வீடு தேடுவோரின் மூலமந்திரம். வந்து இறங்கிய கையோடு கடைசி மாதத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலமாயிற்றே என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை.

ஸ்கார்பரோவில் தமிழர் பலர். அவர்களில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தம் வீட்டின் பேஸ்மென்ட்டைக் காட்டினார்.

“தம்பி, வேலைக் கடிதம் இருக்கோ? கிரெடிட் ஹிஸ்ரி?”

“இப்பத்தான் வந்திருக்கோம், அண்ணே. கிரெடிட்டும் இல்லை, ஹிஸ்டரியும் இல்லை.”

“நாங்களும் அப்பிடித்தான் வந்தனாங்கள். சரி, சாமான் எவ்வளவு?”

“ஆறு பெட்டி. மிச்சம் பின்னாடி வரும். இங்கே பரண் இருக்கா?”

பெரியவர் மேலே பார்த்தார். கை நீட்டினால் தொடும் உயரத்தில் கூரை. “மேல பரண் இல்லைத் தம்பி. மேல நாங்கள் இருக்கிறம்.”

இவ்வாய்வின் ஒரே உண்மையான கண்டுபிடிப்பு இந்த வரி, அதுவும் கட்டுரையாளருடையதன்று. நங்கநல்லூரில் நாங்கள் கீழே, சாமான் மேலே. இங்கே ஒரு பக்கம் ஹீட்டர், ஒரு பக்கம் வெந்நீர்த் தொட்டி, நடுவில் நாங்கள். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ செய்தித்தாள் சுற்றி வைத்ததுபோல் மூவரும் அடுக்கப்பட்டிருந்தோம். கருதுகோள் நிறுவப்பட்டது, பொருள் எது என்பதில்தான் சிறு திருத்தம்.

முடிவுரை

ஆறு பெட்டியும் பிரிக்கப்பட்டுவிட்டன. பின்னால் வரவேண்டியவை இன்னும் வரவில்லை. கப்பல்காரர்கள் இடத்தின் கன அளவைக் கணக்கிட்டுக் காசு கேட்கிறார்கள். அண்டாவுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. ஆகவே அது அத்தை வீட்டுப் பரணில் இருக்கிறது. கொடுத்தவர் வீட்டிலேயே வைக்கலாகாது என்ற விதி என்னவாயிற்று என்றால், ‘மாசு’ப் பாடத்தை ஏற்போருக்கு அவர் கொடுத்தவரே அல்லர்.

இனிவரும் ஆய்வாளர்களுக்கு இக்கட்டுரை வழிகாட்டியாக அமையும் என்று முடிப்பது மரபு. அவர்களுக்காக ஒரு சிக்கல் தீர்க்கப்படாமல் விடப்படுகிறது. மாதம் ஒருமுறை அத்தை கூப்பிடுகிறார். அங்கே குளிரா என்று கேட்பதில்லை. வேலை எப்படி என்று கேட்பதில்லை. “அண்டா பரண்ல அப்படியே இருக்குடா. எப்ப வந்து எடுத்துக்கப்போறே?” (அத்தை, தொலைபேசி, குடிபெயர்ந்தபின் முப்பத்தொன்றாம் அழைப்பு, முந்தைய முப்பதிலும் இதே பாடம், எழுத்துப் பிசகாமல்).

இவ்வாக்கியத்தில் ‘எடுத்துக்க’ என்பது இடைச்செருகல்.