மாடி வீட்டில் 1,700 பாக்கி

நேற்று இரவு பதினொன்றே கால் மணிக்கு எங்கள் மாடி வீட்டுக்காரருக்கு 1,700 ஸ்டெப்ஸ் பாக்கி இருந்திருக்கிறது. காலையில் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தபோது அவரே சொன்னார். (ஆமாம், லிஃப்ட்டுக்காகத்தான்.) மன்னிப்புக் கேட்கிற தொனியெல்லாம் இல்லை, வட்டியும் முதலுமாகக் கடனைக் கட்டி முடித்தவரின் நிம்மதி. ஹாலிலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து ஹால். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்புகிற இடம் சரியாக என் தலையணைக்கு மேலே அமைந்திருக்கிறது. ரப்பர் செருப்பு வேறு. டைல்ஸ் தரையில் ரப்பர் செருப்பு போடும் சத்தத்தைப் பற்றி... வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறுகிறது.

நாளைக்குப் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்கிற இந்தக் கடனை நம் தலையில் கட்டியது யார்? 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், அடுத்த ஆண்டே ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவியின் பெயரிலேயே பத்தாயிரத்தைச் சேர்த்துவிட்டார்கள். எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக்கொடுத்த அளவல்ல. விளம்பரத்துக்குத் தோதான முழு எண். நம் ஆட்கள் ஆரம்பித்திருந்தால் 10,001 என்று வைத்திருப்பார்கள். முழு எண்ணில் மொய் எழுதும் வழக்கம் நமக்குக் கிடையாது.

ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ என்பவரும் குழுவினரும் சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 பெண்களைக் கவனித்து, 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளைக்கு 7,500 அடி வரைக்கும்தான் பலன் ஏறிக்கொண்டே போனது; அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. இதை மாடி வீட்டுக்காரரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "அது அமெரிக்கப் பாட்டிங்களுக்கு சார். நாம சாப்பிடறது அரிசிச் சோறு" என்றார். லிஃப்ட் வந்துவிட்டது.

போகட்டும். உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்கள் அதை அன்றாட வேலைகளோடு சேர்த்துக்கொள்ள எளிய வழிகள் சில உண்டு. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

ஒரு ஸ்டாப்பிங் முன்னதாகவே பஸ்ஸைவிட்டு இறங்கி நடங்கள் என்பார்கள். நம்மூர் டிரைவர்கள் இதை ஏற்கெனவே அமலாக்கிவிட்டார்கள். ஸ்டாப்பிங்கைத் தாண்டிப்போய் நிறுத்துகிறார்கள். நாம் ஓடிப்போய் ஏறுகிறோம். 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ்காரர்களை ஆராய்ந்தார். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று கண்டார். நல்லவேளை, அவர் சென்னைப் பக்கம் வரவில்லை. இங்கே கண்டக்டர் பின்சீட்டில் சாய்ந்திருப்பார். பத்து ரூபாய்த் தாள்தான் முப்பது பேர் கைமாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பும். ஆராய வேண்டுமென்றால் அந்தத் தாளின் இதயத்தைத்தான் ஆராய வேண்டும்.

வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள் என்பது இரண்டாவது யோசனை. எழுதியவர் ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போனதே இல்லை. மேலே போகலாம்.

மூன்றாவது, போன் பேசும்போது நடப்பது. இங்கேதான் திண்டுக்கல் அத்தை வருகிறார்.

அத்தைக்கு அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து ஸ்டெப்ஸ் எண்ணும் வாட்ச் வாங்கி அனுப்பினான். அதுவரை எதிர்வீட்டுக்குக்கூட ஆளனுப்பிக் கூப்பிடுகிறவர், இப்போது நடக்கிறார். சும்மா நடக்க அவருக்கு வராது. நடைக்குப் பேச்சு வேண்டும், பேச்சுக்கு நான் வேண்டும். இரவு எட்டரைக்குப் போன் வந்தால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். விஷயத்தைப் பொறுத்துத் தூரம் மாறும். கல்யாணப் பேச்சு 2,000 வரை தாங்கும். சொத்துத் தகராறு அதையும் தாண்டும், வேகமும் கூடும். இழவுச் செய்தி மட்டும் 300இல் நின்றுவிடும். துக்கத்தில் கால் ஓடாது. ஆனால் போனவர் வீட்டை யார் பேருக்கு எழுதிவைத்தார் என்று பேச்சு கிளை பிரிந்துவிட்டால் மொட்டைமாடி வரைக்கும் ஏறிவிடுவார்.

புதுச் சேதி தீர்ந்துபோன நாட்களில் பழசு வெளியே வரும். 1987இல் ஒரு கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குப் பாயசம் எட்டவில்லை. அது இந்த மாதம் மறுவிசாரணைக்கு வந்திருக்கிறது. வாட்ச் வந்த பிறகு எங்கள் குடும்பத்தில் ஆறிப்போன சண்டை என்று ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கல், கொல்லைப்பக்கம் டவர் எடுக்காது. அத்தை அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போதெல்லாம் கதையில் ஓட்டை விழும். "அவ புருஷன்தான் கடைசியில..." என்பது வரை கேட்கும். பிறகு அமைதி. பிறகு "...பத்துப் பவுன்!" என்று கேட்கும். எந்தப் புருஷன், என்ன செய்தான், பத்துப் பவுன் வந்ததா போனதா, எதுவும் கிணற்றடியைத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்ததில்லை. "ஐயையோ" என்று மட்டும் சொல்லி வைப்பேன். எந்தக் கதைக்கும் பொருந்தும். "அப்ப வச்சிடவா அத்தை?" என்று கேட்டால், "இருடா, இன்னும் 400 இருக்கு" என்பார்.

நடுநடுவே என் உடம்பின் மேல் அக்கறை வேறு. "நீயும் எந்திரிச்சு நடந்துக்கிட்டே பேசுடா." நடந்துகொண்டுதான் இருக்கிறேன் அத்தை என்று சோபாவில் படுத்தபடியே சொல்வேன், கொஞ்சம் மூச்சு வாங்கி. சத்தியமாக, அந்த மூச்சு வாங்கலே ஒரு பயிற்சிதான்.

உலக சுகாதார நிறுவனம் என் கட்சி என்றே நினைக்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேர்த்தி என்று 2010இல் சொன்னவர்கள், 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இனி ஒரு நிமிடம் வீடு பெருக்கினாலும் செல்லும். இதைப் படித்துவிட்டு எங்கள் குடியிருப்பில் ஆண்கள் சிலர் பெருக்கத் தொடங்கினார்கள். பெருக்கினால் கை ஆடும், வாட்ச் எண்ணும். பாத்திரம் தேய்க்க மட்டும் யாரும் வரவில்லை. தண்ணீர் படும் என்று வாட்சைக் கழற்ற வேண்டுமாம். கழற்றினால் கணக்கில் சேராதாம். கணக்கில் சேராத வேலைகளை எல்லா வீட்டிலும் யார் செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களிடம் போய் எளிய வழிகள் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நடங்கள், படியேறுங்கள், குனிந்து நிமிருங்கள், நூறு வயது இருங்கள். எத்தனை ஆயிற்று என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.