முழங்காலுக்குப் பக்கேஜ் உண்டு, மாமிக்கு?

பெறுநர்: பொறுப்பதிகாரி, சர்வதேச நோயாளர் பிரிவு, சென்னையில் பெயர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனை
விடயம்: என் மாமியாரின் இடது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை

பெருமதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கேஜ் விபரம் கிடைத்தது. முன்பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி கடற்கரையில் ஓடுகிறா. மாமி கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவவுக்கு எந்தக் கால்?" என்று கேட்டா. தெரிந்தால் அறியத் தரவும்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. வரிசை மட்டும் நீளம். தங்களிடம் வரிசையே இல்லையாம். ஆகவே தங்களை நாடினோம். ஒரேயொரு சந்தேகம். பக்கேஜ் ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜோடு முடிகிறது. மாமியின் பாடு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. தையல் பிரிக்க ஏறத்தாழ இரண்டு கிழமை. மடக்கி நீட்டும் பயிற்சியை விட்டால் மூட்டு இறுகிவிடும். காலில் இரத்தம் கட்டிபடக்கூடும், உடனே விமானம் ஏற வேண்டாம் என்று தங்கள் வைத்தியரே சொல்கிறார். அப்படியானால் பலாலி விமான நிலையத்தில் இறங்கும் நாள்வரை மாமி எங்கே இருப்பா? பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் பதில் இருக்கிறது: 'நோயாளியின் சொந்த ஏற்பாடு.'

சொந்த ஏற்பாட்டுக்கு உதவியாகத் தங்கள் ஒருங்கிணைப்பாளர் தம்பி ஒரு லொட்ஜின் படம் அனுப்பினார். "நடந்துபோகிற தூரம்தான், மேடம்." நடக்க முடியாமல்தானே தம்பி வருகிறோம்! அறை இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லை. கழிப்பறை குந்தியிருக்கிற வகை. வாடகை வீடு தேடினோம். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும், வீட்டுக்காரர் எல்லோருக்கும் திடீரென்று ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்துவிடுகிறார்கள்.

துணைக்கு வருவோர் சங்கதியும் உண்டு. மருத்துவ விசாக்காரரோடு இருவர் துணை விசாவில் வரலாம். வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், இரத்த உறவு என்பது விதி. என் கணவர் சுத்தமான இரத்த உறவு. வீட்டில் சுடுதண்ணிப் போத்தல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. மாமியைத் தூக்கி இருத்தி, கழுவித் துடைப்பவள் நான். எனக்கு இரத்தம் பொருந்தவில்லை. வேண்டுமானால் சுற்றுலா விசாவில் வரலாமாம். வருகிறேன். மெரினா பார்த்து மிஞ்சும் நேரத்தில் மாமியைப் பார்த்துக்கொள்கிறேன்.

கட்டணம் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை வைத்தது. பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று 54,720 ரூபாய், வரி தனி. உலோகத்துக்குக் கடிவாளம் விழுந்தது. தங்கள் பட்டியலில் டொலரில் இருக்கும் 'சர்வதேச ஒருங்கிணைப்புக் கட்டணம்' மட்டும் கடிவாளமில்லாமல் நிற்கிறது. அது அந்த லொட்ஜ் படத்துக்கானதா?

எங்கள் தாழ்மையான திருத்தங்கள்:

1. தையல் பிரிக்கும்வரை கீழ்த்தளத்தில் ஓர் அறை, கொமட்டும் பிடிகம்பியும் சேர்த்து. கடல் தெரியும் யன்னல் வேண்டாம்.

2. பயிற்சி சொல்லித்தருபவர் அறைக்கே வரவேண்டும். வீட்டில் செய்யவேண்டியதைத் தமிழில் எழுதித் தரவேண்டும். வீடியோ லிங்க் மாமிக்கு உதவாது.

3. ஊரில் வைத்துப் பார்க்கப்போகும் வைத்தியருக்கு ஒரு கடிதம்: என்ன மூட்டு, என்ன மருந்து, எது நடந்தால் பயப்பட வேண்டும் என்று.

முற்பணம் அனுப்பும்படி தம்பி காலையும் மாலையும் நினைவூட்டுகிறார். முற்பணம் எங்கள் வங்கியில் பூரண ஓய்வில் இருக்கிறது. மேற்படி மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்ததும் மெல்ல எழுந்து நடக்கும். அதற்கு முன் அசைக்க வேண்டாமென்பது மாமியின் வைத்திய ஆலோசனை.

இங்ஙனம்,
சுற்றுலாப் பயணியாக வரவிருக்கும் மருமகள்