இதர விவகாரங்கள்

பினாங்கில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால், கோடரிக்காரன் வந்து சேருவதற்கு முன்பே மனுக்காரர் வந்து நிற்பார். ஊர் ராசி அப்படி. பயனீட்டாளர் சங்கம் பிறந்தது இங்கேதான். சாஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் இங்கேதான். 1977-ல் தொடங்கிய அலிரான் என்ற சீர்திருத்த இயக்கமும் இங்கேதான். மற்ற மாநிலங்கள் ரப்பரும் செம்பனையும் விளைவித்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் அறிக்கை விளைவித்தோம்.

பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி, கையில் ஏதாவது ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குக்காரராகவே ஆகிப்போனவர், 2019-ல் காலமானார். சீனியைக் குறையுங்கள் என்று சொல்லி அவருக்கு அலுத்ததே இல்லை. என் அப்பா அந்த அறிக்கைகளைப் பத்திரிகையில் ஒன்றுவிடாமல் படிப்பார். படித்துக்கொண்டே தேத்தண்ணியில் மூன்றாவது கரண்டி சீனியைப் போட்டுக் கலக்குவார். நான் அந்தப் பரம்பரை.

தவிர, எனக்குச் சோறு போடுவது பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலை. அந்தப் பக்கமெல்லாம் முன்பு வயல்காடு. 1972-ல் அதைத் தொழிற்பேட்டையாக்கினார்கள். அன்றைக்கே ‘வயலைக் காப்போம்’ என்று யாராவது கிளம்பி ஜெயித்திருந்தால் என் வீட்டுக் கடனை இன்றைக்கு யார் கட்டுவது? தெற்குக் கடலில் மண்ணைக் கொட்டித் தீவு அமைக்கும் விவகாரத்திலும் என் கட்சி இதுதான். தீவுக்குப் பெயரே சிலிக்கான் தீவு. என் பிழைப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள், நான் எப்படி எதிர்ப்பது?

இதை அடுத்த வீட்டு வாத்தியாரையாவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற பிறகு முழுநேரமும் எதையாவது எதிர்த்துக்கொண்டிருப்பவர். “வீட்டுல உக்காந்து திட்டாத தம்பி. ஒரு தடவ வந்து பாத்துட்டுத் திட்டு” என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. தீவுத் திட்டத்தை எதிர்ப்பவர்களின் கூட்டம் எட்டு மணிக்கு. ஏர்கான் போடுவதா, காற்றாடி போதுமா என்ற விவாதம் எட்டரைக்கு முடிந்தது. காற்றாடி வென்றது. தேத்தண்ணி வந்தது, சீனி வரவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மீதிப் பேர் அவர்களிடம் படித்தவர்கள் போலிருந்தது. கை தூக்கிவிட்டுத்தான் பேசினார்கள்.

முதலில் சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொள்ளும் படலம். “மீனவர்கள் கவலை தெரிவித்தனர்” என்று அதில் எழுதியிருந்தது. ஓர் அம்மா எழுந்து, “கவலை இல்லை, கண்டனம்” என்றார். செயலாளர் தன் நோட்டைப் புரட்டிக் கவலைதான் என்றார். கவலைக்கும் கண்டனத்துக்கும் நடுவில் இருபது நிமிடம் போயிற்று. ‘கவலை கலந்த கண்டனம்’ என்று ஒரு சமரசம் முன்மொழியப்பட்டு, வழிமொழிய ஆளில்லாமல் விழுந்தது. கடைசியில் யாருக்கோ சம்பந்தப்பட்டவரையே கேட்கலாமே என்று தோன்றியது. மூலையில் ஒரு மலாய் மீனவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னார்: “அன்னைக்கு நான் வரல. கடலுக்குப் போயிட்டேன்.”

அடுத்தது பதாகை. கடலைக் காக்கச் சொல்லும் பதாகை பிளாஸ்டிக்கில் இருக்கலாமா? கூடாது, துணிதான். துணியில் என்ன சாயம்? அந்தச் சாயம் கழுவினால் எங்கே போகும்? சாக்கடை வழியாகக் கடலுக்கு. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இதற்கு மேல் தாங்காது என்று நான் கை தூக்கினேன். தயாராக வைத்திருந்த அஸ்திரத்தை விட்டேன்: “நம்ம வெல்ட் கீயே மண் கொட்டி எடுத்த நிலந்தானே? அதுக்கு முன்னால பீச் ஸ்ட்ரீட்தான் கடற்கரை. இன்னைக்கு அங்க அலைக்குப் பதிலா வங்கிகள் நிக்குது. அதையெல்லாம் சேர்த்துத்தான் 2008-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம்னு பட்டம் குடுத்துச்சு. வெள்ளைக்காரன் கொட்டுனா பாரம்பரியம், நாம கொட்டுனா அநியாயமா?”

கூச்சல் வரும், திட்டு வரும், வாத்தியாரையா தலைகுனிவார் என்று எதிர்பார்த்தேன். செயலாளர் முகம் மலர்ந்து, “நல்ல கேள்வி. பேரச் சொல்லுங்க, எழுத்துப் பிழை இல்லாம எழுதணும்” என்றார். இதர விவகாரங்கள் என்ற தலைப்பின் கீழ் என் ஐயம் பதிவானது. நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கேட்டவர் அப்போது நேரில் இருப்பது நலம் என்றும் குறித்துக்கொண்டார்கள்.

ஒத்திவைத்தது தெரியாமலோ தெரிந்தோ, மீனவர் மட்டும் அங்கேயே பதில் சொல்லிவிட்டார். “வெல்ட் கீயில அப்ப எறா இருந்துச்சான்னு கேக்க இப்ப ஆளில்ல. எங்க பக்கம் இருக்கு. நேத்துக்கூடப் பிடிச்சேன்.” இதைக் குறிப்பில் ஏற்றினார்களா என்று தெரியவில்லை. சாயப் பிரச்சினை மீண்டும் எழுந்துவிட்டது.

திரும்பும் வழியில் வாத்தியாரையா முழுக் கதையும் சொன்னார். திட்டம் போட்டபோது மூன்று தீவு, 4,500 ஏக்கர். 2019-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் அந்த அனுமதி ரத்தானது. 2023-ல் புது அனுமதி வந்தது, ஆனால் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது: 2,300 ஏக்கர். இன்னொரு வேடிக்கை. ரயில் விடப் பணம் வேண்டும், அதற்காகத்தான் தீவு என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். 2024-ல் ரயில் செலவைக் கூட்டரசு ஏற்றுக்கொண்டது. கல்யாணம் நின்ற பிறகும் பந்தல்காரன் பந்தல் போட்டுக்கொண்டிருப்பதுபோல் தீவு வேலை மட்டும் நடக்கிறது.

ஜெயித்த கதைகளும் சொன்னார். 1990-ல் பினாங்கு மலையில் நட்சத்திர விடுதி, கோல்ஃப் மைதானம் என்று ஒரு திட்டம் வந்து, ஊர் எதிர்ப்பில் கைவிடப்பட்டது. கம்போங் புவா பாலாவைப் பற்றிக் கேட்டேன். மாடு வளர்த்து வாழ்ந்த நம் தமிழர் கிராமம், 2009-ல் இடித்தார்கள். வாத்தியாரையா பதில் சொல்லாமல் கியரை மாற்றினார்.

தீவு வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சிப் செய்ய இடம் வேண்டும். கடன் தவணை மாதாமாதம் வருகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். கட்டுக்கட்டாக வரும் சுற்றுச்சூழல் அறிக்கையைப் பின்னிணைப்பு வரை படித்துத் தப்பு கண்டுபிடிக்க ஆள் வேண்டுமென்றால், கவலையா கண்டனமா என்று இருபது நிமிடம் சண்டை போடுகிறவர்களால்தான் முடியும். என்னால் முடியாது. நான் வீட்டுக் கடன் பத்திரத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்டவன்.

உங்களுக்கும் இவர்கள்மேல் சந்தேகம் இருந்தால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டை மட்டும் முடித்துக்கொண்டு போங்கள். இதர விவகாரங்களுக்கு வர மணி பத்தரை ஆகிவிடும்.