ஸ்ட்ரிக்டான காலேஜ்

மகள் பிளஸ் டூவில் நன்றாகப் படித்துவிட்டாள். கட்-ஆஃப் 190-ஐத் தாண்டுகிறது. குறை ஒன்றுதான்: யாரைப் பார்த்தாலும் சிரித்துப் பேசுகிறாள். பெற்றோர் கலங்க வேண்டாம். இந்த வியாதியைத் தீர்க்கவென்றே நம் மாநிலத்தில் சில தனியார் பொறியியல் கல்லூரிகள் நடக்கின்றன.

கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 என்று 200-க்குக் கூட்டும் கணக்கில் அவள் வாய்க்கு மார்க் கிடையாது. கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போனது 2018-இல். விருப்பப் பட்டியலை நிரப்புபவர் அப்பா, ஓடிபி வருவதும் அவர் போனுக்கு. அவர் விசாரிப்பதும் ஒன்றே: “காலேஜ் ஸ்ட்ரிக்டா?”

ரொம்ப ஸ்ட்ரிக்ட், சார். பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. ஆணும் பெண்ணும் நின்று பேசினால் ஐடி கார்டு பறிமுதல், ஃபைன், வீட்டுக்கு போன். எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் வயது வந்தவள் வாசல் கடையில் டீ குடிக்க வேண்டுமென்றால், அப்பா வார்டனைக் கூப்பிட்டுச் சொன்னால்தான் அவுட்பாஸ்.

பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் கணக்கில் இருப்பதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. ஆசிரியர் ஊருக்கு ஊர் இருக்கலாம். மாணவி எதிர் வராந்தாவில் நிற்கக்கூடாது. இதுவல்லவோ ஒழுக்கம்!

கல்லூரி முதலாளியைத் திட்டி என்ன பயன்? நீங்கள் கேட்கிற சரக்கைத்தான் அவர் விற்கிறார். அவள் படிப்பு கெடும் என்றா பயப்படுகிறீர்கள்? பேசிப் பேசித்தானே இவ்வளவு மார்க் வாங்கினாள். வேறு சாதிப் பையனோடு பேசிவிடுவாள் என்று பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் ‘டிசிப்ளின்’ என்கிறீர்கள். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுவது படிப்புக்கா, காவலுக்கா?

மூன்று வருடத்தில் அவள் வாய் நன்றாக அடைபட்டுவிடும். அப்புறம் பிளேஸ்மென்ட் வரும். சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒரு பயிற்சியாளரை இறக்குவார்கள். குரூப் டிஸ்கஷன், சாஃப்ட் ஸ்கில், பாடி லாங்குவேஜ். பையன்களையும் பெண்களையும் முதன்முறையாக ஒரே வட்டமாக உட்காரவைத்து அவர் உற்சாகமாகக் கத்துவார்: “கமான், கூச்சப்படாம பேசுங்க!”

அதற்குத் தனி ஃபீஸ், சார். ரொக்கமாகக் கொண்டுவாருங்கள்.