நெட்டை குட்டை வண்டி

பேராவூரணிக்காரர்களுக்கு ஹைபிரிட் புதிதல்ல. நெட்டையையும் குட்டையையும் சேர்த்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகங்களைப் பார்த்த ஊர். ஆனால் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த இன்னோவா ஹைகிராஸ் வாங்கலாமா என்றால், உடனே திண்ணையில் மாநாடு.

"பிரேக் போட்டாலே பேட்டரி ஏறும்" என்கிறார் விற்பனையாளர். பிறகென்ன? பட்டுக்கோட்டை சாலையில் வேகத்தடை, ஆடு, காயப்போட்ட நெல், திடீரெனத் திரும்பும் டிராக்டர். இதைவிட நல்ல சார்ஜிங் நிலையம் எங்கே கிடைக்கும்?

வரியில்தான் வேடிக்கை. மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40. பெட்ரோலை மிச்சம்பிடிக்கும் பெரிய ஹைபிரிடுக்கும் அதே 40. பாதிப் புண்ணியம் அரசாங்கக் கணக்கில் முழுப் பாவம்.

"ரெண்டும் இருக்குன்னா ரெண்டும் மக்கர் பண்ணும் தம்பி" என்று பெரியப்பா தீர்ப்பு எழுதினார். கடைசியில், தேங்காய் விலை ஏறட்டும் என ஒத்திவைத்தோம்.

ஏறியதும் அவரே ஆரம்பித்தார்: "இந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு மா தென்னந்தோப்பு வாங்கிப் போடலாமே?"