மலைப் பூங்காவில் வாப்பாமாரின் சுபாவம்: ஓர் ஆராய்ச்சி

முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்ற கொண்டச்சிக் கரையிலே பிறந்து, கடலிலே தொழில் செய்து முதிர்ந்து, மக்களின் வற்புறுத்தலால் மலைநாட்டு உல்லாசப் பயணத்துக்கு உடன்படும் வாப்பாமாரின் சுபாவத்தை எந்தச் சர்வகலாசாலையும் முறைப்படி ஆராய்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. முத்துச் சிப்பியின் ஜனனம் முதல் மரணம் ஈறாக அலுப்பின்றி எழுதிக் குவித்த பண்டிதர்கள், அச்சிப்பி விளைந்த கரையின் மனிதர் மலையேறும் அபூர்வத்தைக் கவனியாது விட்டமை சாஸ்திரத்துக்கு நேர்ந்த நஷ்டமேயாகும்.

கொண்டச்சிக்குத் தெற்கே, 1938 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் வில்பத்து இருக்க, ஹோர்ட்டன் சமவெளி வரை போவானேன் என்பது பூர்வபட்சம். வில்பத்திலே வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. ஜீப்பில் அமர்ந்திருக்கும் வாப்பா ஆராய்ச்சிக்கு உதவார். 1988இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பெற்ற ஹோர்ட்டன் சமவெளியிலோ ஏறக்குறைய 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையைக் கால்நடையாகக் கடக்க வேண்டியிருப்பதால், அவரது சுபாவம் முழுமையாக வெளிப்பட அவகாசம் கிடைக்கிறது. (அச்சமவெளி 1831 முதல் 1837 வரை ஆண்ட தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை இன்னும் சுமக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கென்று அரிப்பிலே மாளிகை கட்டிய தேசாதிபதி பிரெடரிக் நோர்த்தின் கதி வேறு. மாளிகை கடலுக்குள் சரிய, அதன் பெயரை நாட்டுக்கதையின் அல்லிராணி கொண்டுபோய்விட்டாள்.)

முதலாவது பிரமேயம் குளிரைப் பற்றியது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையுமென்பது பௌதிகம். ஆகவே 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அச்சமவெளி நமது கரையைவிட ஏறத்தாழ பதினான்கு பாகை குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் இக்குளிர் வாப்பாவின் தேகத்தைத் தாக்குவதில்லை. தலை நரைத்த மகனின் காதுகளையே தாக்குவதாக அவர் உறுதியாக நம்புகிறார். "மகன், காதை மூடு" என்ற வாக்கியம் பட்டிப்பொல புகையிரத நிலையத்தருகே அரும்பி, உயரத்துக்கேற்ப அடர்ந்து, முடிவில் அவருடைய சால்வையே மகனின் கழுத்தில் வந்து சேர்கிறது. பாதுகாப்புக்கென எடுத்துவந்த தைலம், இஞ்சி, கொத்தமல்லி, பனங்கிழங்கு ஆகியவை நுழைவாயிலில் நடக்கும் பொலித்தீன் சோதனையில் சொப்பிங் பேக்குகளை இழந்து, மகனின் சட்டைப்பைகளில் தஞ்சமடைகின்றன.

இரண்டாவது பிரமேயம் உலக முடிவு எனும் செங்குத்துப் பாறையைச் சார்ந்தது. இதுவே இவ்வாராய்ச்சியின் ஜீவநாடி. ஏனையோர் அங்கே அதிசயத்தால் வாய் பிளந்து நிற்க, நமது ஆராய்ச்சிப் பொருளானவர் மகனின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, "எத்தனை பாகம் இருக்கும்?" என்று வினவுகிறார். வீழ்ச்சி சுமார் 870 மீற்றராகையால், கடலாழம் அளக்கும் அக்கணக்கில் விடை ஏறக்குறைய 475 பாகம். பத்துப் பாக ஆழத்துக்குள் அடங்கிவிடும் முத்துப்பார்களைக் கண்ட கரையினர்க்கு இது நம்பத்தகாத கணக்கு. அடிநிலம் மணலா பாறையா என்ற துணைவினாவும் உடனே பிறக்கிறது. காலை பத்து மணிக்குள் மூடுபனி ஏறி யாவற்றையும் மறைத்துவிடுவது வழக்கமாதலால், நேரத்தோடு போய்ச் சேர்ந்த பாக்கியசாலிகளுக்கு, வானம் தெளிந்திருந்தால், தெற்கே வெகுதூரத்தில் சமுத்திரம் ஒரு கீற்றாகத் தெரியுமென்று வழிகாட்டிகள் பெருமையோடு சுட்டிக்காட்டுவர். கடலை முற்றத்தில் விட்டுவிட்டு, வாகனக் கூலியும் நுழைவுச் சீட்டும் கொடுத்து மலையுச்சிக்கு வந்த மனிதர் இதைக் கேட்டதும் சொல்வதை மாற்றமின்றிப் பதிவு செய்கிறேன்: "கடலப் பாக்கவா மகன் இங்க கூட்டிட்டு வந்த?" இதற்குச் சமாதானம் நான் இன்றுவரை கண்டிலேன்.

மூன்றாவது பிரமேயம் சாட்சியத்தைப் பற்றியது. மரைகள் உலாவும் வாகனத் தரிப்பிடத்துக்குத் திரும்பியதும், கைகள் நடுங்க, உதடுகள் வெளிறிய நிலையில், வாப்பா தொலைபேசியில் உம்மாவுக்குச் சமர்ப்பித்த அறிக்கை வருமாறு: "குளிர் ஒண்டும் பெரிசில்ல. மகனுக்குத்தான் தாங்க ஏலாமப் போச்சு."