டிசம்பர் பூவும் காகித ஸ்டாரும்

கேள்வி: டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் ஆளாளுக்கு வாசல் பூவையும், கிறிஸ்துமஸ் ஸ்டாரையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளுகிறார்கள். தாங்கவில்லையே?
– ஒரு வாசகி, வரதராஜன்பேட்டை

பதில்: அலங்கார அன்னை கோயில் உள்ள ஊரில் இருந்துகொண்டு அலங்காரத்தைக் குறை சொல்லலாமா! 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாடு, கழுதையோடு கிறிஸ்துமஸ் குடில் வைத்தார். பார்க்க ஆசைப்பட்டவர்கள் நடந்துதான் போனார்கள். உங்களுக்கோ படுக்கையிலேயே தரிசனம். டிசம்பர் பூவுக்கு வாசனை வேறு கிடையாது. ஆக, படத்தில் பார்த்தாலும் நஷ்டமில்லை! வெளிநாட்டில் வேலை பார்க்கும் உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் படங்கள்தான் ஊர். பூவின் தலையில் ‘குட் மார்னிங்’ எழுதுகிறவர்களை மட்டும் கண்டியுங்கள்.